முதல் கோட் காயட்டும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் எழுது, உன் இடது காலின் சுகத்தை மட்டும் தனியாக, ஒளிக்காமல் எழுது.

நேற்று போனில் நீ அழுதுவிட்டாய், சொல்ல நினைத்ததை நான் சொல்லி முடிக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் இங்கே நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டபோது நான் தையல் கடையில் இருந்தேன், போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன், அத்தைதான் எடுத்திருக்கிறாள். பாப்பா நல்லாத்தான் இருக்கா, டாக்டர் கொஞ்ச நாள் ரெஸ்ட்ல இருக்கச் சொல்லியிருக்காங்க, பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னாராம். உன் அத்தைக்கு அது போதாதா. கல்யாணமான பொண்ணை டாக்டர் ரெஸ்ட்ல இருக்கச் சொன்னா வேற என்னவா இருக்கும் என்று அவளே முடிவு கட்டி, நான் திரும்பி வருவதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எங்களுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. உனக்குப் போன் அடித்தால் நீ எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பாய். அப்பா வேலைக்கு வாங்கினதில் மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குள் போய்விட்டார். யார் வீட்டுச் சுவரானாலும் முதல் கோட் காயாம பிரஷைத் தொடமாட்டேன் என்று வீட்டுக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன், பேரக்குழந்தை நாளைக்கே வந்து இறங்கப்போகிற மாதிரி, ஈரத்தின் மேலேயே இரண்டாவது கோட்டையும் அடித்துவிட்டார். காலையில் பார்த்தால் சுவரெல்லாம் கொப்புளம், தொட்ட இடம் தோலாக உரிந்து வருகிறது. அதன் பிறகு நீ பேசித்தான் விஷயம் காலில் என்று தெரிந்தது. அந்த ஒரு நாள் நான் பாட்டியாக இருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்றால் பொய். அதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற பிள்ளையாக இருந்தவள் நீ. இன்றைக்கு விடியும் முன்னே எழுந்து அத்தனை தூரம் ஓடிவிட்டு, நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாய். தையல் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு மாரத்தான் ஓடுறா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லட்டுமா, போன வருஷப் பந்தயத்தில் வலியை மறைத்து ஓடி, பாதி வழியில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாய், எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாய். இந்த முறை வலிக்கிறது என்று நீயாகவே டாக்டரிடம் போயிருக்கிறாய். எனக்கு நீ ஓடுவதைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. எலும்பு நொந்திருக்கிறது, இப்போது ஓடினால் விரிசல் விடும், ஓய்வு கொடுத்தால் இந்த வருஷப் பந்தயத்துக்குள் தேறிவிடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சும்மா இருந்தா ஓடினதெல்லாம் வீணாப் போயிடும், நாளைக்கு மட்டும் கொஞ்சம் ஓடிப் பாக்கட்டுமா என்று காலைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே நீ கேட்டாய், நேற்றும் அதையே கேட்டுத்தான் அழுதாய். வேண்டாம்டி கண்ணு.

நீ முதலில் கேட்ட அன்றைக்கே அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பொறுத்திருந்தா முதல் கோட்டாவது நின்னிருக்கும், அவசரப்பட்டதுல ரெண்டும் போச்சு, இதை அவகிட்ட அப்படியே எழுது என்றார். முழுக்கச் சுரண்டி, காயவிட்டு, திரும்ப ஒரு கோட் அடித்திருக்கிறார். அது எப்போதோ காய்ந்துவிட்டது, ஆனாலும் டாக்டர் உன்னிடம் ஓடலாம் என்று சொல்கிற அன்றைக்குத்தான் அடுத்த கோட் என்று உட்கார்ந்திருக்கிறார். பிரஷைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, பாப்பா இன்னைக்கு ஓடலையே என்று தினமும் என்னைக் கேட்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, டாக்டர் சொன்ன பயிற்சிகளை விடாதே. பந்தயம் முடிந்ததும் லீவு போட்டுவிட்டு வா. அந்த மஞ்சள் அறை உனக்குத்தான், காலை நீட்டிப் படுத்துத் தூங்கு. யார் கேட்டாலும் பாப்பா ரெஸ்ட்ல இருக்கா என்று அத்தையே வாசலில் நின்று சொல்லட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். நாளைக் காலையில் ஷூவைத் தொடாதே.

உன்னை நினைத்து நெஞ்சு நிறைந்திருக்கும்
அம்மா