தொங்குகதவுக்கு அக்கரையில்

ரோக்வால், பாலத்துக் கோபுரம்
1363 செப்டம்பர், புனித மத்தேயு திருநாளுக்கு மறுநாள்

அன்புத் தங்கை பெரோனெல்லாவுக்கு,

அண்ணன் ஐமெரிக் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளை துராந்தும் குட்டி ரிசெந்தாவும் எப்படி இருக்கிறீர்கள்? இதைப் பால்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நேற்றிலிருந்து தூலூஸ் சாலைப் பக்கம் புகை தெரிகிறது. இங்கிலாந்து ராஜாவோடு சமாதானம் ஆனதும் சம்பளமில்லாமல் கைவிடப்பட்ட கூலிப்படைதான். இரண்டு ஊர் எரிந்துவிட்டது. மூன்றாவது எந்த ஊர் என்றுதான் இங்கே எல்லோர் வாயிலும் பேச்சு.

எங்களுக்கு முன்னால் பாலத்தின் ஆறு வளைவும் மூன்று கோபுரமும் இருக்கின்றன. அக்கரையில் உனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வேலிகூட இல்லை. உன் கரையைப் பார்த்த கோபுரத்தில் மேலிருந்து இறங்கும் தொங்குகதவின் சங்கிலி என் பொறுப்பு. ஊர்ச் சபை உத்தரவு போட்டுவிட்டது. கோயில் மணி விடாமல் அடித்தால் கதவை இறக்கவேண்டும். வெளியே நிற்பது யார் என்று பார்க்கக்கூடாது. சனிக்கிழமைக்குள் ஆற்றில் உள்ள படகையெல்லாம் ஓட்டைபோட்டு மூழ்கடிக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு இந்தப் பாலத்தைக் கண்டாலே ஆகாது என்று தெரியும். நம் அப்பா பிறந்த வருடம் அடிக்கல் நாட்டினார்கள். கொள்ளைநோயில் கொத்தர்கள் பாதிப்பேர் செத்து, வேலை நின்று, மறுபடி தொடங்கி, கடைசி வளைவு மூடிய அன்றே மாப்பிள்ளையின் படகுத்துறை படுத்துவிட்டது. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். என் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. இன்றே வந்துவிடுங்கள்.

உன் அண்ணன்,
ஐமெரிக்


அக்கரை
வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ரிசெந்தாவின் ஞானஸ்நானத்துக்குக்கூடப் பாலத்தைத் தாண்டி வராதவன் இப்போது மாடியைக் காலிசெய்து வைத்திருக்கிறாய். சந்தோஷம்.

அவரிடம் சொன்னேன். வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார். "ஒங்கண்ணன் கட்டிக் காக்கற பாலத்துக்குள்ள போயி ஒண்டிக்கணுமா? முப்பது வருஷமா இந்த ஊரையே அக்கரை இக்கரைன்னு சேத்தவன்டி நானு. எனக்குப் பொழைக்கத் தெரியும்" என்றார். நானும் விடவில்லை. "ஒங்களுக்குத் தெரியும். புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். வலையைச் சுருட்டிக்கொண்டு துறைப்பக்கம் போய்விட்டார்.

ரிசெந்தாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு வரலாம் என்றால், அவரைத் தனியே விட்டு வர மனம் ஒப்பவில்லை. இன்று காலை மேட்டுப்பக்கமிருந்து நாலைந்து நாய்கள் வந்தன. ஒன்றின் கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. குரைக்கவே இல்லை. எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டன. அவற்றின் ஊர்தான் மூன்றாவதோ என்று நினைக்கிறேன்.

அண்ணா, இதை யாரிடமும் சொல்லாமல் உன்னிடம் சொல்கிறேன். அவர் படகை மூழ்கடிக்கவில்லை. பாலத்து வளைவுக்குக் கீழே அலரிப் புதருக்குள் மறைத்துவைத்திருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். மணி அடிக்கும்போது நான் வெளியே இருந்தால் கதவை இறக்கிவிடுவாயா?

உன் தங்கை,
பெரோனெல்லா


பாலத்துக் கோபுரம்
வெள்ளி, விடிந்ததும்

தங்கைக்கு,

இறக்கிவிடுவேன். நீ கேட்டதால் சொல்கிறேன். ஊருக்குள் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். கதவை இறக்க ஒரு மூச்சு போதும், ஏற்ற நாலு ஆளும், ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லும் நேரமும் பிடிக்கும். உனக்காகத் திறந்தால் உன் பின்னால் வருகிறவனுக்கும் திறந்ததுதான்.

எல்லாப் படகும் மூழ்கிவிட்டது என்று சபைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். நேற்று மேலாற்றில் ஒருவன் தோணியை ஒளித்துவைத்ததற்காகக் கட்டிவைத்து அடித்தார்கள். மணிக்குப் பிறகு ஆற்றில் எது மிதந்தாலும் எதிரிதான் என்று நடுக்கோபுரத்து வில்லாளிகளுக்கு உத்தரவு. அந்தப் படகை உடைத்துவிடச் சொல். இல்லையென்றால் மூன்று பேரும் இன்றே வந்துவிடுங்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஐமெரிக்


பாலத்துக் கோபுரம்
அக்டோபர் 3

என் பெரோனெல்லாவுக்கு,

நீயும் குழந்தையும் கன்னியர் மடத்தில் இருப்பதாகப் பால்காரி சொன்னாள். கூலிப்படை ஐந்து நாள் அக்கரையில் கிடந்து, கதவை உடைக்க முடியாமல் போய்விட்டது. ஊரில் எல்லோரும் என் தோளைத் தட்டுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மணி அடித்தபோது நீ ஓடிவந்ததைப் பார்த்தேன். குழந்தை உன் தோளில் இருந்தது. குதிரைகள் திராட்சைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டன. சங்கிலியைப் பிடித்திருந்த ஆணியை உருவிக் கதவை இறக்கினேன்.

பிறகு மாப்பிள்ளை படகை எடுத்ததையும் பார்த்தேன். முதல் தடவை உங்களையும், அடுத்த தடவை கிழவர்களையும் தூண் மறைவிலேயே ஏற்றிவந்தார். மூன்றாம் தடவை அக்கரையிலிருந்து திரும்பும்போது நடுக்கோபுரத்திலிருந்து அம்பு விட்டார்கள். "அது துராந்துடா, நம்மாளுடா, அம்பு விடாதீங்கடா" என்று கத்தினேன். தூண்களுக்கு நடுவே ஆறு போடுகிற இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எய்தவன் வெளியூர்ப் பையன். அவருடைய முகம் அவனுக்குத் தெரியாது.

நான் மடத்து வாசல்வரை மூன்று முறை வந்து திரும்பிவிட்டேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்,
ஐமெரிக்


கன்னியர் மடம்
அக்டோபர் 9

ஐமெரிக் அவர்களுக்கு,

ரிசெந்தாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பா எங்கே என்று கேட்கிறாள்.

கதவை இறக்கியதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இறக்குவேன் என்று முன்பே சொன்னீர்கள், சொன்னபடி செய்தீர்கள். எனக்குப் பின்னால் குதிரைகள் வந்ததை நானும் பார்த்தேன்.

ஆனால் படகைப் பற்றி உங்களுக்கு எதற்காக எழுதினேன் என்று நினைத்தீர்கள்? ஒரு வார்த்தை நடுக்கோபுரத்துக்குப் போயிருக்கவேண்டும். அக்கரையில் ஒரு படகு இருக்கிறது, அது நம் ஆளுடையது என்று. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை மதியம்வரை நேரம் இருந்தது. நடுக்கோபுரத்துக்கு நூறு அடிகூட இல்லை. கட்டிவைத்து அடிப்பார்கள் என்று பயந்தீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் நான் எழுதினேன்.

அவர் மூன்றாவது தடவை கிளம்பும்போது, "போதும், போகாதீங்க, இங்கியே இருங்க" என்று கையைப் பிடித்தேன். "இன்னும் ஒம்போது பேருடி. மேல ஒங்கண்ணன் இருக்கான்ல, பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

நாளைக் காலை நாங்கள் அவருடைய அக்கா வீட்டுக்குப் புறப்படுகிறோம். தூலூஸ் சாலைக்கு உங்கள் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும், வேறு வழி இல்லை. அந்த நேரத்துக்குக் கோபுரத்தில் வேறு யாராவது நிற்கட்டும்.

பெரோனெல்லா,
துராந்தின் மனைவி