மணல்நாட்டை விட்டுப் போன ஆறு

நலம் பெருகுக! கூவிளையாறு பாயும் வெண்கரை நாட்டின் தனிச்செங்கோல் ஏந்திய கொற்றநங்கைத் தேவியார் அருளிய மொழிப்படி, ஓலைநாயகம் குன்றன், வடமலை எல்லைக்காவலில் இருக்கும் அமைச்சர் ஏனாதி நக்கனார்க்கு எழுதும் ஓலை. தங்கள் மலையும், காவல் மறவரும், சுனைகளும் நலம் பெறுக.

அரண்மனைக் கூடத்தில் தாங்கள் மணலும் களிமண்ணும் கொண்டு சமைத்த சிறுநாடு இன்றும் கலையாமல் இருக்கிறது. ஊருக்கு ஒருவராக அவையோரை அமர்த்தி, அவரவர் மதகை அவரவரே திறந்து மூடச் செய்து, ஒருவர் மட்டும் செப்புக்குடம் ஏந்தி ஆறாக நின்று நீர் வார்க்கும் ஆட்டம் அது. வெள்ள வடிகாலைத் தூர்த்து வயலாக்கத் தேவியார் எண்ணி, முதலில் அம்மணல்நாட்டில் தூர்த்துப் பார்த்த நாளில், ஆறாக நின்ற தாங்கள் குடத்தைத் தயங்காமல் கவிழ்த்தீர்கள். கீழ்க்கரை ஊர் முதலில் கரைந்தது, பின் மண்ணரண்மனையும் கரைந்தது. தேவியார் முகம் சிவந்தது. மறுநாளே தாங்கள் மலைக்கு அனுப்பப்பட்டீர்கள்.

அதன்பின் குடம் பிடித்தவர் எவரும் அதைக் கவிழ்க்கவில்லை. படைத்தலைவர் பூஞ்செடிக்குத் தெளிப்பதுபோல் தெளித்தார். நீர் அரண்மனைப் பக்கம் திரும்பினால் கருவூலத் தலைவர் பதறிப்போய்த் தம் உத்தரீயத்தாலேயே அணை போட்டார். எந்த ஆறு இப்படி அரசமரியாதை காட்டியது என்று எழுதுவோனுக்குத் தெரியவில்லை. ஆட்டந்தோறும் தேவியாரே வென்றார். அவை வாழ்த்திக் கலைந்த பின், கூடத்தில் அவர் மட்டும் எஞ்சினார்.

இப்போது வடிகாலைத் தூர்க்கும் ஆணை முத்திரைக்குக் காத்திருக்கிறது. மழைக்காலமோ வாசலில் நிற்கிறது. கீழ்க்கரையில் நெசவாளரும் குயவரும் பிள்ளைகுட்டிகளோடு வாழ்கிறார்கள். நேற்று தேவியார் எழுதுவோனைத் தவிர எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தாமே குடம் ஏந்தினார். தாமே மதகுக்கு மதகு ஓடினார். தம் அரண்மனையை நெருங்கும்போதெல்லாம் கை தானாகக் குடத்தை நிமிர்த்திவிடக் கண்டு, அந்த ஈரத்தரையிலேயே அமர்ந்துவிட்டார். மறுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாத வீட்டில் வாழ்வது தாங்க முடியாத தனிமை என்று அருளினார்.

பிழை என்னும் சொல்லைத் தேவியார் எழுதப் பணிக்கவில்லை. ஆள்வோர் ஓலையில் அச்சொல் எழுதும் வழக்கமும் நம் நாட்டில் இல்லை. அதற்கீடாகச் செப்புக்குடத்தை இவ்வோலையுடன் அனுப்பியிருக்கிறார். இனி அக்கூடத்தில் ஆறு இல்லை.

இவ்வோலைக்கு அரச முத்திரையாகிய நாரை முத்திரை இட்டாயிற்று. வடிகால் ஆணைக்கு, தாங்கள் வரும்வரை அது இடப்படாது. ஓலை கண்டதும் குடத்தோடு புறப்பட்டு வருக. அவையோர் அனைவரும் பார்த்திருக்க, தேவியாரின் நகரை மறுபடியும் மூழ்கடிக்க. இது அரசாணை.