வெறும் நெற்றி

8.9.2003
தெருக்குழாயில் இன்றும் அதே பேச்சு. தனகோடி குடத்தை இறக்கிவிட்டு என் நெற்றியையே பார்த்தாள். "புருஷன் குத்துக்கல்லாட்டம் கீறாரு, நீ ஏன்டி இப்டி மூளியா சுத்திகினு கீறே?" நான் கிறிஸ்தவள், அதனால் பொட்டு வைப்பதில்லை என்றேன். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது, சேவூருக்கு என் நெற்றி இன்னும் பழகவில்லை. ஆனாலும் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. இந்த நெற்றிதான் என் சாட்சி.

12.9.2003
அத்தை சாப்பாட்டைத் தொடவில்லை. "எம்புள்ள உசுரோட கீறப்பவே..." என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை. "அவ நெத்தி, அவ இஷ்டம். வுடும்மா."

கோயிலுக்குப் போகிற மனுஷன், எனக்காகப் பேசுகிறார்.

4.10.2003
ஆயுத பூஜை. தறியைத் துடைத்தேன், தரையைக் கழுவினேன். தறிக்குக் குங்குமம் வைப்பது வீட்டுச் சுமங்கலி. அந்த நேரம் வந்ததும் நகர்ந்து நின்றுகொண்டேன். முதலாளி சிவப்பிரகாசம் பொரிப் பொட்டலத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "கண்ணாலப் பொடவைம்மா இது. நெய்யற வூடு இப்டின்னு தெரிஞ்சா யாரு வாங்குவா?"

இனி முகூர்த்தப் பட்டு நெய்யப் பாவு நூல் தரமாட்டாராம். சாதாப் புடவைதான், கூலியும் குறைவு.

என் வீட்டுக்காரர் மாலை வரை என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை.

23.11.2003
அவர் கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன்.

14.12.2003
வேலூரில் ஆஸ்பத்திரி. ஈரல் கெட்டுவிட்டது என்கிறார்கள். குடிக்காத மனுஷனுக்கு ஈரல் எப்படிக் கெடும்? அத்தை வராந்தாவில் உட்கார்ந்து என் நெற்றியைப் பார்த்துப் பார்த்து அழுகிறார். ஜெபிக்க உட்கார்ந்தேன். ஆண்டவரே, ஆண்டவரே - அவ்வளவுதான்.

20.12.2003
இன்று அவரே கேட்டுவிட்டார். கண்ணைத் திறக்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு. "பரிமளா, எனக்குப் பயமா கீது. ஒரே ஒரு தபா பொட்டு வச்சிகினு வந்து நில்லேன்."

என்ன செய்வேன்? வைத்தால், பொட்டுதான் அவரைக் காப்பாற்றும் என்று ஒப்புக்கொண்டதாகாதா? இத்தனை நாள் தெருவில் சொன்னதெல்லாம் என்ன?

"வேற எது கேட்டாலும் செய்யறேங்க" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. "சரி, வுடு" என்றார். அந்த "சரி, வுடு" காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

24.12.2003
போயிட்டாரு.

6.1.2004
கருமாதி. விடிந்ததும் பெண்கள் என்னை மணையில் உட்கார வைத்தார்கள். தாலியை எடுக்கவேண்டும், பூவை எடுக்கவேண்டும், பொட்டை அழிக்கவேண்டும். "அழிக்க என்னா கீது இவ நெத்தில?" என்றாள் ஒருத்தி. வைத்துத்தான் அழிக்கவேண்டும் என்று முடிவானது.

மாட்டேன்னு சொல்லணும். சொல்லணும் - வாயே தொறக்கலியே. அவர் கெஞ்சினப்போ அவ்ளோ அழுத்தமா சொன்ன வாயி!

அத்தைதான் வைத்தார். வைத்துவிட்டு, என் முகத்தை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். "எவ்ளோ லட்சணமா கீறே. எம்புள்ள லோகநாதன் இத பாத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

பிறகு அவரே அழித்தார்.

11.1.2004
ஞாயிறு. சபைக்குப் போகவில்லை.

2.2.2004
குழாயடிக்குப் போனேன். பேச்சு நின்றது. தனகோடி தன் குடத்தை நகர்த்தி, "நீ மொதல்ல புடி" என்று வழிவிட்டாள். நான் கிறிஸ்தவள், அதனால்தான் வைப்பதில்லை என்று வாய்வரை வந்தது.

யாரும் கேட்கவில்லை.