வலப் பாதி என்னிடம் இருக்கிறது

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் "என்னங்க" என்று கூப்பிட்டே பதினாறு வருடம் ஓடிவிட்டது. கடிதத்தில் என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். காரணம் இருக்கிறது. முழுவதும் படியுங்கள். தயவுசெய்து பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் மட்டும் செய்யாதீர்கள்.

நாங்கள் நலம். மகள் உங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், எழுந்திருக்கச் சொன்னால் அப்பா பேரை எழுதி வைத்துவிட்டா போனார் என்கிறாள். ஊரில் உங்கள் அக்காவுக்குக் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கம்பை ஊன்றி மாடிப்படி ஏறுகிறார், ஏறி முடித்ததும் படி கட்டியவனைத் திட்டுகிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

என்னைத்தான் கேட்கக் கூடாது. மூன்று நாளாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன். கடையில் ஒரு கல்லூரிப் பெண்ணின் புராஜெக்டை, நூற்றுப் பத்துப் பக்கம், தலைகீழாக அச்சடித்து பைண்டிங்குக்கே அனுப்பிவிட்டேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ஜெராக்ஸ் மிஷினே ஒரு நிமிடம் நின்றுவிட்டது போல இருந்தது. "என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். இல்லை சார் என்று சொல்லிவிட்டு நூற்றுப் பத்துப் பக்கத்தையும் மறுபடி அச்சடித்தேன்.

பிரச்சனை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் சொன்னதுதான். வருகிற திங்கட்கிழமை முதல், ஆலையை மூடியபோது கொடுத்த பணம் முழுவதையும் கணக்கில் போட்டு நிஜமாகவே பங்குகளை வாங்கி விற்கப் போகிறேன் என்றீர்களே, அது. "பத்துக்கு எட்டு வருதுடி, இனிமே என்ன பயம்?" என்று நீங்கள் சிரித்ததும் நானும் சிரித்தேன். அந்த எட்டு உங்களுடையது இல்லை. எழுதிவிட்டேன். இனி மேலே சொல்வது கொஞ்சம் சுலபம்.

முதலிலிருந்து சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் எனக்குக் கோர்வையாக வராது. ஆலையை மூடி மூன்றாம் மாதம் நீங்கள் பங்கு விலைச் சார்ட் படிக்க உட்கார்ந்தீர்கள். செய்தி வேண்டாம், டிப்ஸ் வேண்டாம், விலை எப்படி நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும் என்றீர்கள். நான் கடையில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் போன வருடத்துச் சார்ட்டுகளை அச்சடித்துக் கொண்டுவந்தேன். கலர் கட்டுப்படியாகாது என்று கறுப்பு வெள்ளை. ஒரு நாள் விலைக்கு ஒரு சின்னக் கட்டம், அதைக் கேண்டில் என்பீர்கள்; விலை ஏறினால் வெள்ளை, இறங்கினால் கறுப்பு. புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையால் தாளின் வலப் பக்கத்தை மூடிக்கொண்டு, நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேண்டிலாக அட்டையை நகர்த்துவேன். தெரிகிற வரைக்கும் பார்த்து நீங்கள் "இங்க வாங்கறேன்", "இங்க விக்கறேன்" என்று சொல்ல வேண்டும். எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டத்தோடு வெளியே வந்துவிடுவேன் என்று ஒரு கோடு போட வேண்டும். பிறகு மீதியைத் திறந்து பார்ப்போம். ஒரு நாளைக்குப் பத்துத் தாள். எத்தனை சரி என்று நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

அச்சடித்தவள் நான். அட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு அட்டை என் பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டே இருக்கும். "நீ பார்த்தா என்ன, உனக்கு ஒண்ணும் புரியாதே" என்று சொன்னீர்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு என்னங்க பெரிய படிப்பு?

நீங்கள் "வாங்கறேன்" என்பீர்கள். அடுத்தாற்போல் நாலு கறுப்பு வரிசையாக நிற்பது எனக்குத் தெரியும். என் கட்டைவிரல் நின்றுவிடும். நீங்கள் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பீர்கள். பிறகு, "இல்ல, இரு. இன்னும் ஒரு கேண்டில் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பீர்கள். அப்படி ஒரு நாள் நோட்டில் "பொறுமை வந்துவிட்டது" என்று எழுதினீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உங்களுக்கு ஒரு வழியாகப் பொறுமை வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

இடையில் உங்கள் அக்கா கால் உடைந்து நம் வீட்டில் பத்து நாள் இருந்தார். எனக்குக் கடையில் வேலை அதிகமாக இருந்ததால் அட்டை அவர் கைக்குப் போனது. டிவியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, "என்னடா இது, சொத்தைப் பல்லு மாதிரி வெள்ளையும் கறுப்புமா" என்று சொல்லிக்கொண்டே தள்ளுவார். அந்தப் பழைய நோட்டை நீங்கள் இங்கேயே விட்டுப் போய்விட்டீர்கள். திங்கட்கிழமை துணி மடித்து வைக்கும்போது கிடைத்தது. எடுத்துப் பார்த்தேன். அந்தப் பத்து நாளும் மூன்று, நான்கு, இரண்டு, மறுபடி நான்கு. பக்கத்தில் "தலைவலி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் "டிவி சத்தம்". அவர் ஊருக்குப் போன மறுநாள் ஏழு. அன்றைக்கு என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நீயே பிடிடி, உன் கை ராசியான கை."

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பத்து நாளையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

எத்தனையோ வருடம் பெயின்ட் ஆலையில் நிறம் சரிபார்த்த கண் உங்களுடையது. இரண்டு டப்பா வெள்ளையில் எதில் ஒரு சொட்டு மஞ்சள் அதிகம் என்று கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண் நாலு மாதமாகச் சார்ட்டைப் படிக்கவில்லை, என் முகத்தைப் படித்திருக்கிறது. இது உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் முதலில் தெரியாது.

முதலில்தான் தெரியாது. அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்க மாட்டேன். நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், ஒரு சாயங்காலம் நான் முதலாளியோடு போனில் பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி அட்டையைத் தள்ளினேன். பத்தில் ஒன்றுதான் சரி. நீங்கள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கு எதுவும் வராது போல. நிறம் பார்க்க மட்டும்தான் லாயக்கு, அதையும் இப்ப மிஷின் பார்க்குது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். ஆலையை மூடிய அன்றுகூட நீங்கள் அப்படிப் படுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் நீங்கள் தவறாகச் சொல்லப் போன இடத்தில் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினேன். உடனே மாற்றிச் சொன்னீர்கள். எட்டு வந்தது. தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னீர்கள். குளிக்கும்போது பாடினீர்கள், அதுவும் அந்தக் குரலில். வெறும் தாள்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம் தினமும் செருமினேன். இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தீர்களே, அதையும் குடித்தேன்.

உங்களோடு ஆலையில் இருந்த நெட்டை அண்ணன் தன் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்த் திரை இருக்கிறது, வந்து சேர்ந்து செய்யலாம் என்று கூப்பிடுவார், நீங்களும் பெட்டியைக் கட்டுவீர்கள் என்று நான் எங்கே கண்டேன்? பஸ்ஸில் ஏறும்போது, "நீ இல்லைன்னா நான் கத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்" என்றீர்கள். வாய் வரைக்கும் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது. இல்லை, அதுவும் பொய். இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் கோழை.

இப்போது புரிகிறதா ஏன் கடிதம் என்று? போனில் ஆரம்பித்தால் என் குரலை வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நீங்கள் "ம்" என்று ஒரு தினுசாகச் சொன்னால் போதும், "சும்மா சொன்னேங்க, நல்லாத்தான் வருது உங்களுக்கு" என்று நான் உளறிவிடுவேன்.

நீங்கள் லாயக்கில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை நிஜமாகவே கொஞ்சம் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுதான் என் பயம். நெட்டை அண்ணன் திரையில் அட்டை கிடையாது. எதிரே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வலப் பக்கம் என்ன வரும் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. கறுப்பு வருவதற்கு முன்னால் செருமுவதற்கு ஆள் இல்லை.

இதோடு இருபது தாள் வைத்திருக்கிறேன். எல்லாம் பாதித் தாள். இடப் பாதி உங்களுக்கு, வலப் பாதியை வெட்டிக் கடை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நானே பொறுக்கினால் சுலபமானதாகப் பொறுக்கிவிடுவேன் என்று, சார்ட் கட்டோடு கடையில் பைண்டிங் போடுகிறவரிடம் கொடுத்துக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார், பந்தயம் என்றேன். ஒவ்வொன்றின் கீழும் வாங்குவீர்களா, விற்பீர்களா, சும்மா இருப்பீர்களா என்று எழுதி, கோட்டையும் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். நான் ஒட்டிப் பார்த்து, வந்தது வந்தபடி எழுதுகிறேன். மகள் தலைமேல் கை வைத்துச் சொல்கிறேன், ஒன்றுகூடக் கூட்டிப் போட மாட்டேன்.

அதுவரை திங்கட்கிழமை வேண்டாம். சந்தை எங்கேயும் ஓடிப்போகாது, நாளைக்கும் திறக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நெட்டை அண்ணனிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், மனைவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். தபால் வரும்வரை அங்கே பழக வேண்டுமானால், உங்கள்மேல் பிரியம் இல்லாத யாரையாவது அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

என்மேல் கோபம் வரும். வரட்டும். நாலு பக்கம் திட்டி எழுதுங்கள், வரிக்கு வரி படிக்கிறேன். இருபதில் பதினாறு சரியாக இருந்தால் நானே பணத்தைப் போடச் சொல்கிறேன். நாலுதான் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். குழாய் ஒழுகுகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் பரவாயில்லை, இந்த வீட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுங்கள். இந்த முறை நான் செருமாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள்.

உங்கள்,
அட்டை நகர்த்துகிறவள்

பின்குறிப்பு: பதினோராவது தாளின் ஓரத்தில் ஒரு பேனாப் புள்ளி இருக்கிறது. அது எதற்கும் அடையாளம் இல்லை, கை தவறிப் பட்டதுதான். வேறு தாள் மாற்றி வைக்கலாம் என்று எடுத்தேன், அது எப்படிப்பட்ட தாள் என்று பார்த்துவிடுவேனோ என்று பயந்து அப்படியே வைத்துவிட்டேன். அந்தப் புள்ளியைப் பார்க்காதீர்கள். விலையை மட்டும் பாருங்கள்.