கெங்கம்மா சொன்னதும் நான் சொன்னதும்

ஜனவரி 21, செவ்வாய்

இன்று என்னைக் கேட்காமலே என் தலையில் ஒரு பொறுப்பு வந்து விழுந்தது.

ராயபுரத்தில் பழைய மிளகாய்க் கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வந்த மரப்பெட்டிகளைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தது எங்கள் கிளியரிங் ஆபீஸ்தான். அதற்கு நன்றி சொல்ல கலைக்கூட மேலாளர் வில்சன் வந்தார். நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். பிப்ரவரி முதல் தேதி கியூரேட்டர் பேசுகிறாராம், ஆங்கிலத்தில். எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து மீனவப் பெண்கள் வருகிறார்களாம். பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். முதலாளி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே என் பக்கம் கையைக் காட்டினார். நான் பதினோரு வருஷமாக ஆங்கிலத்தில்தான் மெயில் போடுகிறேனாம்.

மெயில் போடுவதும் மேடையில் நிற்பதும் ஒன்றா? என் மெயில்கள் மொத்தமே மூன்று வகை: தாமதத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து பொறுத்தருளவும், ஆவன செய்கிறோம். எப்பேர்ப்பட்ட சண்டையையும் இந்த மூன்றுக்குள் மடித்து அனுப்பிவிடுவேன். இதில் நான் கெட்டிக்காரி.

வீட்டுக்கு வந்து என் கணவர் பீம்ராவிடம் சொன்னேன். பஸ் டெப்போவில் பிரேக் பார்க்கிற மனுஷனுக்கு என் கவலை எங்கே புரியும்?

“கியூரேட்டர்னா கிரிக்கெட்டு பிச்சு போடறவருதான? நீ இன்னா, அவருக்கு ரோலர் தள்ளப் போறியா?”

இது வேறே கியூரேட்டர் என்றேன். எந்தப் படத்தை எங்கே மாட்டுவது, அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்கிறவர். அர்த்தத்தை முடிவு செய்ய ஓர் ஆள் வைத்திருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே சோறு போட்டுக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

காசிமேட்டிலிருந்து பவானிக்கா மீன் கொண்டுவந்தாள். ஒன்பது வருஷமாக எங்கள் வியாசர்பாடி பிளாக்குக்கு அவள்தான் மீன். வாசலில் கூடையை இறக்கியதும் விஷயத்தைச் சொன்னாள்: நெட்டுக்குப்பத்துப் பெண்களில் அவளுடைய அக்கா கெங்கம்மாவும் வருகிறாள். கெங்கம்மா வீட்டு நண்டு வலையைத்தான் ஒரு கலைஞர் வாங்கிப்போய் அங்கே தொங்கவிட்டிருக்கிறாராம்.

“அக்காகிட்ட சொல்லிட்டேன். எழிலு கீது, நம்ம பொண்ணு. அந்தம்மா இங்கிலீஷ்ல இன்னா சொன்னாலும் அப்படியே பிட்டு பிட்டு வெச்சிரும்னு.”

அப்படியேவா.

ஜனவரி 28, செவ்வாய்

கண்காட்சிப் புத்தகத்தை வில்சன் அனுப்பினார். முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் ஏழு வரி ஓடுகிறது. வினைச்சொல்லைத் தேடினேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

எந்தப் புடவை என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.

பிப்ரவரி 1, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் இன்றைக்குத் தூக்கம்.

நாலு மணிக்குக் கூட்டம். ஐம்பது அறுபது பேர். முன்வரிசையில் நெட்டுக்குப்பத்துப் பெண்கள் எட்டு பேரும் பவானிக்காவும். கெங்கம்மாவை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஐம்பது வயதிருக்கும். ஏலத்தில் மீனைப் பார்ப்பதுபோல ஆளைப் பார்க்கிற கண். என்னையும் ஒருமுறை அப்படிப் பார்த்தாள். தேறினேனா தெரியவில்லை.

கியூரேட்டர் பெயர் சில்வியா. கோவாக்காரர், கிராப்புத் தலை, கைத்தறிப் புடவை. நல்ல மனுஷி. என் பெயரை மூன்று முறை கேட்டு, ழகரம் வரும்வரை விடாமல் சொல்லிப் பார்த்தார். ஆனால் பேச ஆரம்பித்ததும் அந்த ஏழு வரி வாக்கியம் நேரில் நடந்து வந்தது. கடல் என்றார், நினைவு என்றார், அப்புறம் என்னென்னவோ. நடுநடுவே தும்மல் வேறு. சுண்ணாம்பு எத்தனை கோட்டிங் அடித்தாலும் மிளகாய் நெடி கிடங்கை விட்டுப் போகவில்லை. அவர் தும்ம, முன்வரிசை தும்ம, நானும் தும்மினேன். அந்த ஒன்றுக்குத்தான் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

“கடலைப் பத்திச் சொல்றாங்க,” என்றேன்.

கெங்கம்மா பவானிக்கா பக்கம் சாய்ந்து, இவ்வளவு நேரம் பேசியது அதை மட்டும்தானா என்று கேட்டது எனக்குக் கேட்டது. அடுத்த வாக்கியத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. “அடுத்த சாமானைப் பாக்கலாம் வாங்க,” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் ரசிக்கிறார்கள் என்று சில்வியாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்று டிவியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று மட்டும் அலையோடு உறைந்து நின்றது. அதன் எதிரே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். அப்புறம் வில்சன் வந்து பிளக்கைத் தட்ட, அலை நகர்ந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கடைசி அறையில் அந்த வலை. கூரையிலிருந்து தொங்கியது, நீல விளக்கு போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. கெங்கம்மா முகம் மலர்ந்து பக்கத்துப் பெண்ணுக்குக் கையை நீட்டிக் காட்டினாள். கீழே சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் தலைப்பு: ‘கைவிடப்பட்டது’. சில்வியா குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடல்மேல் நம்பிக்கை இழந்த மக்கள் கரையில் போட்டுவிட்டுப் போன வலை இது, கலைஞர் அதைக் கண்டெடுத்தார் என்றார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்து தொலைத்தது.

“இது உங்க ஊரு வலை, ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க,” என்றேன்.

கெங்கம்மா என்னையும் சில்வியாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அழகா கீதுன்னா சிரிச்சிகினு இல்ல சொல்லணும்? அந்தம்மா சாவு வூட்டுக்கு வந்தமாதிரி மூஞ்ச வெச்சிகினு கீறாங்க? இன்னா சொன்னாங்க, அத்தச் சொல்லு.”

சொன்னேன். கைவிட்ட வலை, கரையில் கிடந்தது, கண்டெடுத்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பெண்களுக்குக் கேட்டது.

கெங்கம்மா முன்னால் வந்தாள். கத்தவில்லை.

“யாரு கைவுட்டது? ரெண்டு எடத்துல அறுந்து கெடந்துச்சு, தைக்கலாம்னு மடிச்சி வெச்சிருந்தோம். அந்தத் தம்பி வூட்டுக்கே வந்து, ஒரு மாசத்துக்குக் குடுங்கன்னு கேட்டுச்சு. டீ குடிச்சிட்டு எடுத்துகினு போச்சு. இன்னிக்குக் காத்தாலகூட எங்கூட்டுக்காரரு முகத்துவாரத்துக்குப் போயிட்டு வந்தாரு. இங்க யாரும் எத்தயும் கைவுடல. அத்தச் சொல்லு அவங்களுக்கு.”

சில்வியா ஆவலாக என் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறார்?

இங்கேதான். இங்கேதான் நான்— பதினோரு வருஷ மெயில் புத்தி தானாக வாயில் வந்தது. தன் வலையை இங்கே பார்த்ததில் அவருக்கு ரொம்ப ஹாப்பி என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த ஒரு சொல் தெரியாதவர்கள் காசிமேட்டில் உண்டா, நெட்டுக்குப்பத்தில் உண்டா?

“யாரு ஹாப்பி?” என்றாள் கெங்கம்மா.

பவானிக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை ‘நம்ம பொண்ணு’ என்று சொல்லி எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவள்.

முதலிலிருந்து சொன்னேன். ஆங்கிலத்தில், கெங்கம்மா சொன்ன வரிசையிலேயே. டீ குடித்ததைக்கூட விடவில்லை. முன்னால் அழகு என்று நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். சில்வியாவின் முகம் வெளுத்தது. என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், கையிலிருந்த குறிப்புத்தாளைத் திருப்பி, இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். கலைஞர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், கரையில் கிடைத்தது என்றுதான் தனக்கு எழுதியிருந்தார், நேரில் வந்து விசாரிக்காமல் விட்டது தன் தவறு என்றார். அதை ஒரு எழுத்து குறைக்காமல் தமிழில் சொன்னேன். ஆனால் அதற்குள் கெங்கம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏன்டி எழிலு, இன்னாத்துக்குடி அப்படிச் சொன்ன? யாரு கேட்டா உன்னை? வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை நானே கேட்டுக்கொள்வது இதுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பவானிக்கா வரவில்லை. சாம்பார்.

பிப்ரவரி 3, திங்கள்

நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் வருத்தப்பட்டார்களாம், வில்சன் முதலாளிக்குப் போன் செய்திருக்கிறார். அங்கே போய் ஏன் பிரச்சினை செய்தாய் என்று முதலாளி கேட்டார். பிரச்சினை செய்யாமலிருக்கத்தான் ஸார் பொய் சொன்னேன் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் சொல்லி முடித்தபிறகுதான் புரிந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த வாரமும் பவானிக்கா வரவில்லை. பக்கத்து பிளாக்கில் அவள் மீன் விற்கிற குரல் மட்டும் கேட்டது. எங்கள் பிளாக்கைத் தாண்டிப் போய்விட்டது.

போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்றார் பீம்ராவ். கேட்டால் திட்டுவாளே என்றேன். பிரேக் சரியில்லை என்று டிரைவர்கள் தன்னைத் தினமும்தான் திட்டுகிறார்கள், வண்டி ஓடவில்லையா என்றார். சில சமயம் இந்த மனுஷன் உருப்படியாகப் பேசிவிடுகிறார்.

பத்து மணிக்கு எண்ணூர் பஸ். இறங்கி ஷேர் ஆட்டோ. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியை வைத்துத்தான் வழி சொன்னார்கள், வலது கைப்பக்கம் விட்டுவிட்டுப் போ என்று. வாசலிலேயே கெங்கம்மா நண்டுகளுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தாள். பவானிக்காவும் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா நண்டைப் பார்த்தாள்.

நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தது மறந்துபோனது. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“எனிக்குக் கஷ்டமா இருந்தா நான் பட்டுக்கறேன். எனிக்கு வாய் கீது. இங்கிலீஷ்தான் இல்ல. அத்த மட்டும்தான உன்கிட்ட கேட்டேன்?”

பவானிக்கா ஒரு மணையை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். அழுகை வந்தது, நண்டு வாசனை என்று சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

கெங்கம்மாவின் கணவர் ஆறுமுகநயினார் உள்ளேயிருந்து வந்தார். அவருக்கு அந்தச் சண்டையைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை. நண்டு நன்றாகப் படுகிறது, இருக்கிற ஒரு வலை போதவில்லை, கொடுத்து ஒரு மாசம் ஆகிவிட்டது, வலை எப்போது வரும் என்று கேட்டார்.

அங்கேயே போனில் சில்வியாவுக்கு மெயில் அடித்தேன். கெங்கம்மா சொல்லச் சொல்ல. அடித்ததைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். நடுவில் நிறுத்தினாள், அந்தத் ‘தயவுசெய்து’ எங்கிருந்து வந்தது என்று. பழக்கத்தில் கை போட்டுவிட்டது என்றேன்.

“எடு அத்த. வலை எங்களுது.”

எடுத்தேன். பதினோரு வருஷத்தில் தயவுசெய்து இல்லாமல் நான் அனுப்பிய முதல் மெயில். நாலே வரி. பெயருக்கு முன்னால் ‘தங்கள் உண்மையுள்ள’ போடலாமா என்று கேட்டேன். உண்மையாக இருந்தால் போடு என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சில்வியாவிடமிருந்து பதில். அதுவும் நாலே வரி! வலை அவர்களுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கண்காட்சி மார்ச் வரை நடக்கிறது, வலையை எடுத்தால் தன் படைப்பு குறைபட்டுவிடும் என்று கலைஞர் எழுதியிருக்கிறாராம். சில்வியாவோ, வலைக்குச் சொந்தக்காரர்களையே கேளுங்கள் என்று எழுதிவிட்டாராம். தலைப்பு அட்டையை அன்றைக்கே கழற்றிவிட்டார்களாம்.

வில்சன் மறுபடி முதலாளிக்குப் போன் செய்தாரா என்று கேட்கவில்லை. முதலாளி இன்று என்னிடம் இரண்டு மெயில்களைக் கொடுத்து, ரொம்பக் கறாராக எழுதிவிடாதே என்றார்.

பிப்ரவரி 15, சனி

இன்று பார்த்ததற்கு டிக்கெட்டே போடலாம்.

வலையை எடுத்துப்போக ஆறுமுகநயினாரும் கெங்கம்மாவும் வந்தார்கள், கூடவே பவானிக்கா, நான். வில்சன் ஏணி பிடித்தார். சில்வியாவே மேலே ஏறிக் கொக்கிகளைக் கழற்றினார். வலை தரையில் இறங்கியதும் கெங்கம்மா சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய இடம், வழவழ தரை, தலைக்குமேல் ஃபேன். வீட்டில் இதற்கு எங்கே இடம்? இங்கேயே தைத்துவிட்டுப் போகிறோம் என்றாள். சில்வியாவிடம் சொன்னேன். அவர் ஓடிப்போய் நீல விளக்கை அணைத்து, வெள்ளை விளக்கைப் போட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள். நடுவில் வழக்கமான சண்டை, நீ முடிச்சு போடற லட்சணம் தெரியாதா என்று. சனிக்கிழமைக் கூட்டம் ஒவ்வொருவராகச் சேர்ந்து வட்டமாக நின்றது. இதுவும் கண்காட்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஜிப்பா போட்ட ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். சண்டை உச்சத்துக்குப் போனபோது கை தட்டினார்.

கெங்கம்மா ஊசியை நிறுத்தினாள். “எழிலு, அந்தாளு வலைய மிதிச்சிகினு நிக்கிறான். தள்ளி நிக்கச் சொல்லு.”

நான் அவரிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னேன்: வலையை மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள், தள்ளி நிற்கச் சொல்கிறார். அவ்வளவுதான். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை, பின்னாலும் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் துள்ளி நகர்ந்தார். கெங்கம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

சில்வியா ஒரு ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிச்சு எப்படி, நண்டு எப்படி மாட்டும், கடிக்காதா. நான் இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. புரியாத இடத்தில் புரியவில்லை என்றேன். உலகம் இடிந்துவிடவில்லை.

ஐந்து மணிக்கு வலை ஆட்டோவில் ஏறியது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மதியம் சில்வியா போன் செய்தார். கடைசி அறையில் கொக்கிகள் மட்டும் தொங்குகின்றன, வருகிறவர்கள் எல்லாம் இங்கே என்ன இருந்தது என்று கேட்கிறார்கள், ஓர் அட்டை வைக்க வேண்டும், கெங்கம்மாவையே கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

கெங்கம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். ஏலம் நடந்துகொண்டிருந்தது, இரண்டாவது வலையில் வந்த நண்டு. விஷயத்தைச் சொன்னதும், இதற்கெல்லாமா யோசிப்பார்கள் என்பதுபோல ஒரே வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தமிழில் அப்படியே எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதி சில்வியாவுக்கு அனுப்பினேன்:

வலை வேலைக்குப் போயிகீது.

இதில் நீங்களாகச் சேர்த்தது ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதினார் சில்வியா. கேட்க வேண்டிய கேள்விதான்.

‘முற்றுப்புள்ளி மட்டும்’ என்று பதில் போட்டேன்.