நாற்பது நாள் கசாயம்

கோயமுத்தூர்,
ஆஸ்பத்திரி வராந்தா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரித்திகா கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லத்தான் இருந்தேன், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். காங்கேயத்தில் களத்தைப் பூட்டி ஒன்பது நாளாகிறது. காயவைத்த கொப்பரை போட்டது போட்டபடி கிடக்கிறது.

அம்மாவுக்கு மாற்று இதயம் வைத்துப் பதினாலு மாதம். போன வாரம் கழுத்து நரம்பு வழியாகக் கம்பி விட்டு, இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அவள் உடம்பே அதை வேற்றாள் என்று நினைத்து அடிக்கிறதாம். ரத்த அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, கூட்டம் சேர்ந்து வந்து புண்ணாக்கிவிட்டன என்றார் டாக்டர். மூன்று நாள் ஊசிக்கும் அடங்கவில்லை. இன்றைக்கு வேறு மருந்து ஏற்றுகிறார்கள்.

எதனால் என்று டாக்டர் கேட்டபோது, நான்தானுங்க மாத்திரையை அப்பப்ப மறந்துபோட்டேன் என்று அம்மா சொன்னாள். உன்னிடமும் அதையே சொன்னாள். செத்துப்போன யாரோ ஒருத்தரோட ஊட்டார் அழுதுக்கிட்டுக் குடுத்த இதயத்தை இப்படியா பாத்துக்கறது என்று நீ திட்டினாய். ஐந்து நாளாக அவளைக் கூப்பிடவும் இல்லை. உன்மேல் தப்பில்லை.

அவள் ஒரு மாத்திரையும் மறக்கவில்லை. அலாரம் அடிக்கும் முன்பே டப்பாவைத் திறந்துவிடுவாள்.

தப்பு செய்தவன் நான். மார்கழியில் பிடித்த சளி அவளை விடவே இல்லை. மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிட்டதே என்று பயந்துபோனேன். களத்து வேலியில் படர்ந்த சீந்தில் கொடியை வெட்டி, இடித்து, கசாயம் வைத்து, நாற்பது நாள் வெறும் வயிற்றில் குடிக்கவைத்தேன். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க என்றாள். சீக்கு வந்து படுத்த நம்ம காளையே இதைக் குடிச்சுத்தான் எந்திரிச்சுது, டாக்டருக்கு என்ன தெரியும் என்று அதட்டினேன். பெரிய வைத்தியன் நான்.

நேற்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எதிர்ப்பு சக்தியைத் தூங்க வைக்கத்தானுங்க இத்தனை மாத்திரையும், நீங்க அதைத் தட்டி எழுப்பிப்போட்டீங்களே என்றார். கசாயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார்.

ஏன் சாந்தாமணி பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய் என்று நேற்றே அம்மாவிடம் கேட்டேன். நாளைக்கு நான் இல்லீனாலும் அப்பனும் புள்ளையும் பேசிக்கோணுமுங்க, அவ உங்களை வெறுத்துப்போட்டா நீங்க தாங்கமாட்டீங்க என்றாள்.

கண்ணு, கிடைக்கிற விமானத்தில் ஏறி வா. டாக்டர் வரச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். அதற்கு முன்னால், இதைப் படித்தவுடன் அம்மாவைக் கூப்பிடு. இன்று காலையிலிருந்து மூச்சு அதிகமாக வாங்குவதால் அவளால் பேச முடியாது. நீ பேசு, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் மறக்கவில்லை என்று உனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடு. அப்புறம் என்னோடு நீ பேசாவிட்டாலும், எங்கிருந்தாலும் நல்லா இரு சாமி.

உன் அப்பா,
அங்கப்பன்