கோபம் வந்தால் நடக்கிற கால்கள்

மார்ச் 4, செவ்வாய்

சமையலறை வாசலில் மறுபடியும் ஒட்டிக்கொண்டேன். தரையில் பசை கிடையாது, படியும் கிடையாது. வெறும் கதவு நிலை. ஆனாலும் கால் வரமாட்டேன் என்கிறது. பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தவள் நான். ஒரு விசில் ஊதினால் மைதானமே திரும்பும். இப்போது சொந்தக் கால் பேச்சைக் கேட்கவில்லை. பார்க்கின்சனாம். நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்தத் திமிரை எப்படிப் பொறுப்பது?

இவர் ஓடி வந்தார். "நீ அசையாதம்மா, என்ன வேணும் சொல்லு, நான் எடுத்துத் தரேன்." தண்ணீர் வேண்டும் என்றேன். ஊட்டிவிடாத குறை. பிறகு நாற்காலியில் உட்கார வைத்தார்.

மார்ச் 6

நாற்காலி.

மார்ச் 9, ஞாயிறு

மகன் போன் செய்தான். "அடுத்த மாசம் வரேம்மா. மாடிப்படி நீயா இறங்கினா இங்கயே இரு. இல்லேன்னா ஒரு முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் ஆள் உண்டு, நீ அசையவே வேண்டாம்."

அசையவே வேண்டாமாம்! பெரிய சலுகை! அங்கே இடம் எனக்கு மட்டும்தான். அப்பா எங்கே இருப்பார் என்று கேட்டேன். "புதன், சனி பார்க்க வரலாம்" என்றான்.

போனை வைத்துவிட்டு அழுதேன். இவர் துண்டோடு வந்து கண்ணையும் துடைத்துவிட்டார். அதையாவது நானே செய்துகொள்ளக் கூடாதா?

மார்ச் 13

பிசியோதெரபி பெண் வந்தாள். சின்னப் பெண், ஆனால் வாய் கூர்மை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் உடம்பு இளகிவிடுகிறதே, அப்புறம் ஏன் நடப்பதில்லை என்று கேட்டாள்.

"பாத்ரூம்ல ஒரு தடவை விழுந்தாச்சு, மறுபடி விழுந்துடுவேன்னு பயம்."

"பயம் உங்களுக்கா, சாருக்கா?"

இவர் ஜன்னலைப் பார்த்தபடி, "அவளுக்கே இஷ்டமில்லம்மா. கொஞ்சம் சோம்பல்" என்றார்.

சோம்பலா? எனக்கா? எனக்கு வந்ததே ஆத்திரம்! "யாருக்குய்யா சோம்பல்?" என்று எழுந்தவள், கரண்டியோடு அவர் முன்னால் நிற்கிறேன். கரண்டி சமையலறையில் அல்லவா இருந்தது? வாசலைத் தாண்டிப் போய், எடுத்து, திரும்பியும் வந்திருக்கிறேன்!

அவள் கைதட்டினாள். "சில பேருக்குத் தாளம் வேணும், சில பேருக்குத் தரையில ஒரு கோடு. உங்களுக்குக் கோபம் போல. மாத்திரை வேலை செய்யற நேரமா பார்த்து தினம் சண்டை போடுங்க."

இவர் முகம் வெளுத்துவிட்டது. பாவம், மின்சார ஆபீசில் புகார் ஜன்னலிலேயே காலம் தள்ளிய மனுஷன். ஊரே வந்து திட்டும், இவர் "மன்னிக்கணும், உடனே பார்க்கச் சொல்றேன்" என்பார். வீட்டிலும் அதேதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நடந்த சண்டை எல்லாம் நான் தனியாகப் போட்டவை.

மார்ச் 14

முதல் சண்டை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார் — சண்டைக்கு! தொண்டையைச் செருமினார்.

"உன் சமையல்ல உப்பு எப்பவும் ஜாஸ்தி... கொஞ்சமே கொஞ்சம்... எப்பவும்னு சொல்ல முடியாது." அப்புறம், "மன்னிக்கணும்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். கால் நகரவில்லை.

மார்ச் 17

இன்று என் பிறந்த வீட்டைத் தாக்கினார். "உங்க அண்ணன் ஒரு கஞ்சன்." உண்மைதானே. ஆமாம் என்றேன். அத்தோடு முடிந்தது.

மார்ச் 19

கீழ்வீட்டுத் தையற்காரம்மாவிடம் பாடம் கேட்கப் போயிருக்கிறார். தெருவையே வாயால் அளக்கிறவள். "இடுப்புல கை வைங்க சார்" என்றாளாம். "எந்தக் கைம்மா?" என்று கேட்டாராம்.

பொறுக்காமல் அவளே மேலே வந்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். மாடிப்படி வரை விடுவிடுவென்று நடந்துவிட்டேன்! ஆனால் அவளுக்குத் தையல் வேலை இருக்கிறது. தினமும் என்னைத் திட்ட ஆள் எங்கே போவது?

மார்ச் 22

நடிப்புக் கோபத்தில் கால் ஏமாறுவதில்லை. மாதம் முடியப்போகிறது. பயமாக இருக்கிறது.

மார்ச் 26

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

இவர் குளிக்கப் போன நேரம், கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"விடுங்க."

"மாட்டேன்."

"இறங்கலேன்னா உங்க மகன் கொண்டுபோய் அடைச்சுடுவான்!"

"அடைக்கட்டும்! அங்க உசுரோடயாவது இருப்பல்ல? அவனை ஏன் சொல்றே? நான்தான் கேட்டேன். நான்தான் இடம் பார்க்கச் சொன்னேன்!"

இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியது அவருக்கே தாங்கவில்லை போல. என்னை விட்டுவிட்டு மடமடவென்று இறங்கித் தெருவுக்கே ஓடிவிட்டார். துண்டோடு!

அடப்பாவி மனுஷா! எனக்குத் துண்டு நீட்டி, கண்ணைத் துடைத்து, எல்லாம் செய்துவிட்டு, பின்னால் இப்படி ஒரு வேலையா? நானும் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. தெருவில் எல்லாரும் பார்க்க, தையற்கடை முன்னால் மடக்கினேன்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

நின்றார். கண்ணில் வழிந்தது சோப்புத் தண்ணீரா வேறு எதுவுமா, தெரியவில்லை. "அன்னிக்கு நீ பாத்ரூம்ல விழுந்த சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. நீ எழுந்தாலே எனக்கு உசுரு போகுது. என்னால முடியல."

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. கூடவே காலும் போய்விட்டது. நடுத்தெருவில் நான் நட்ட கம்பமாக, இவர் துண்டோடு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். கடைசியில் தையற்காரம்மா வந்து இரண்டு பேரையும் திட்டி மேலே ஏற்றினாள்.

மார்ச் 28

பேச்சுவார்த்தை இல்லை. நடை உண்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகன் வந்தான். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் மாடிப்படி உச்சியில் நின்றேன். இவர் கீழே நின்றார். கையை நீட்டிவிடாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார். உதடு நடுங்கியது.

பாதிப் படியில் அந்த முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பாவமாகிவிட்டது. கால் ஒட்டிக்கொண்டது. மகன் என்னைத் தாங்கப் பின்னாலிருந்து ஓடி வந்தான்.

"அவளைத் தொடாதே!" என்றார் இவர். பிறகு அண்ணாந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நான்தான் கேட்டேன்! உன்னை அங்க சேர்க்கச் சொல்லி நான்தான் கேட்டேன்!" என்று கத்தினார்.

இறங்கிவிட்டேன்.